பின் ஆக்சில் சத்தம் போட்டால்: பழைய காரில் கிரவுன் ஆயில் பார்ப்பதும் மாற்றுவதும்

பழைய அம்பாசிடரையோ ஆம்னியையோ ஒர்க்‌ஷாப்பில் விட்டு, "பின்னாடி ஊன்னு ஒரு சத்தம் வருது" என்று சொன்னால், காரைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுவதுண்டு: "கிரவுன் போச்சு சார், செட் மாத்தணும்." கிரவுன் என்பது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரம்; அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரம் பினியன். சில நேரம் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். பல நேரம் குறை டயரில் இருக்கும், வீல் பேரிங்கில் இருக்கும், புரொபெல்லர் ஷாஃப்டை இணைக்கும் யு.ஜே. கிராஸில் இருக்கும். இல்லையென்றால் கிரவுன் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கில் ஆயிலே இருக்காது. கிரவுன் பினியன் செட்டின் விலை, அதைப் பொருத்தும் கூலி இரண்டையும் கேட்ட பிறகு, ஒன்றிரண்டு லிட்டர் கியர் ஆயிலும் ஒரு காலைப் பொழுதும் செலவழித்து நாமே முதலில் விசாரித்துவிடலாமே என்று தோன்றும். விசாரிக்கத்தான் வேண்டும். ஆயில் மாற்றுவது இங்கே பாதி வைத்தியம், பாதி ரத்தப் பரிசோதனை.

முதலில் உங்கள் வண்டியில் அப்படித் தனி ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில்தான் டிஃபரன்ஷியல், அதாவது இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி, பின் ஆக்சில் நடுவே தனி உருண்டையாகத் தொங்கும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கான்டெசா, ஆம்னி, ஜிப்சி, சுமோ, பொலீரோ, குவாலிஸ் எல்லாம் இந்த வகை. மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா போன்ற முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆயில். மாருதி 800-க்குக் 'கிரவுன் ஆயில்' என்று பில்லில் தனியாக ஒரு வரி வந்தால், எங்கே ஊற்றினார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். நான்கு சக்கரமும் ஓடும் ஜீப்பானால் முன் ஆக்சிலிலும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

அறிகுறி: ஓடும்போது பின்னால் ஊளைச் சத்தம்

எதையும் கழற்றுவதற்கு முன் காரை ஓட்டிப் பாருங்கள். நல்ல நேரான சாலை, கூட்டமில்லாத நேரம், ரேடியோ வேண்டாம்.

சாலை மாறும்போது சத்தமும் மாறினால் சந்தேகம் டயர் மேல் போக வேண்டும். சொரசொரப்பான தாரில் கத்திவிட்டு, வழவழப்பான சிமென்ட் சாலையில் அடங்கிப் போகும் சத்தத்துக்குக் கிரவுன் காரணமில்லை. டயரின் மேல் கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் கை தட்டினால் டயர் படி படியாகத் தேய்ந்திருக்கிறது.

அடுத்தது கியர் சோதனை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் சற்று தூரம் போங்கள். அதே 50-இல் நான்காவது கியருக்கு மாற்றுங்கள். வண்டியின் வேகம் மாறவில்லை, இன்ஜின் சுற்று மட்டும் குறைந்திருக்கிறது. இப்போது சத்தத்தின் சுருதி இறங்கினால் குறை இன்ஜினிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது. சுருதி அப்படியே நின்றால் குறை பின் ஆக்சில் பக்கம். அம்பாசிடர் போன்ற பழைய நான்கு கியர் பெட்டிகளில் நான்காவது நேர் கியர்; அதில் பல்லோடு பல் சேர்ந்து சுமை தாங்குவதில்லை. அதனால் கியர்பாக்ஸ் சத்தம் நான்காவதில் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றில் கத்தி, நான்கில் அமைதியாகும் வண்டியின் பின் ஆக்சிலைக் கழற்றச் சொல்பவரை நம்பாதீர்கள்.

பின் ஆக்சில்தான் என்று தெரிந்துவிட்டால் ஆக்சிலேட்டர் மிதியைக் கொண்டு இன்னும் உள்ளே போகலாம். மிதிக்கும்போது மட்டும் ஊளை வந்து, காலை எடுத்ததும் நின்றால், கிரவுன் பினியன் பற்களில் முன்னோக்கித் தள்ளும் முகம் தேய்ந்திருக்கிறது, அல்லது ஆயில் குறைந்திருக்கிறது. காலை எடுத்து வண்டி தானாக வேகம் குறையும்போது மட்டும் வந்தால் பினியன் பேரிங்கோ பினியன் நட்டோ தளர்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கரகரவென்று அடித்தொண்டையில் வந்தால் அது பல் சத்தம் அல்ல, பேரிங் சத்தம். நேராகப் போகும்போது ஒன்றுமில்லாமல், கூர்மையாகத் திரும்பும்போது மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் வேறு சின்னப் பினியன்களைப் பார்க்க வேண்டும். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் போகும்வரை அந்தச் சின்னப் பற்சக்கரங்கள் தம்மில் சுழல்வதே இல்லை. வளைவில் ஒரு சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கும்போதுதான் அவற்றுக்கு வேலை வருகிறது.

வேகமாகப் போகையில் லேசாக ஸ்டீயரிங்கை இடதும் வலதும் அசைத்து, ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடினால் வீல் பேரிங். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, கியர் போட்டு ஓட விட்டுச் சத்தம் கேட்பது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே நேரத்தில் விசை போகிறது. வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துவிடும்.

அறிகுறி: கிளம்பும்போது, ரிவர்ஸ் போடும்போது 'டங்'

கிளட்சை விட்டதும் பின்னால் ஒரு அடி விழுகிற சத்தம். இதற்கு ஆயிலோடு பெரிய சம்பந்தமில்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, அடியில் போய், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும். கிராஸின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகும்போது அந்த இடத்திலேயே ஆட்டம் தெரிந்தால், கிராஸ் மாற்றினால் போதும். ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கும் யு போல்ட் தளர்ந்தாலும் இதே 'டங்' வரும். ஸ்பானர் போட்டு இறுக்கிப் பார்ப்பதற்குக் காசு ஆகாது. இதெல்லாம் சரியாக இருந்து, புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் ஃபிளாஞ்ச் நிறைய சும்மா சுற்றினால்தான் டிஃபரன்ஷியலுக்குள் தேய்மானம்.

அறிகுறி: அடியில் எண்ணெய்ப் பசை

கியர் ஆயிலை மூக்கால் கண்டுபிடிக்கலாம். அதில் சேர்க்கும் கந்தகக் கூட்டுப்பொருளால் ஒரு கெட்ட நெடி அடிக்கும், கையில் ஒட்டினால் சோப்பு போட்டும் சீக்கிரம் போகாது. பிரேக் ஆயில் நீர்த்து இருக்கும், அந்த நெடி இருக்காது.

ஹவுசிங்கின் முன்மூக்கில், ஷாஃப்ட் சேரும் இடத்தில் ஈரமாக இருந்து, மேலே காரின் தரைத்தகட்டில் ஒரே கோடாக எண்ணெய் தெறித்திருந்தால் பினியன் ஆயில் சீல். உருண்டையைச் சுற்றிய நட்டுகளின் ஓரத்தில் கசிந்தால் பேக்கிங். அடியில் சொட்டினால் டிரெயின் பிளக் அல்லது அதன் வாஷர். சக்கரத்தின் உட்புறம் டயர் ஓரமாக வழிந்திருந்தால் ஆக்சில் சீல். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் டிரம்முக்குள் போய் பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மழை நாளில் அது ஆபத்து. நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும்.

சீல் வாங்க ஓடுவதற்கு முன் ஆக்சில் ஹவுசிங்கின் மேலே ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கும், பிரீதர் என்பார்கள், அதைப் பாருங்கள். வண்டி ஓடி ஆயில் சூடானால் உள்ளே காற்று விரியும். அது வெளியேறத்தான் அந்தத் துளை. சேறும் பழைய பெயின்ட்டும் அதை அடைத்துவிட்டால், உள்ளழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான சீலைத் தேடி எண்ணெயைத் தள்ளும். புது சீல் போட்டும் திரும்பத் திரும்பக் கசிகிற வண்டிகளில் முதல் சந்தேகம் இந்த அற்பத் துளையின் மேல் இருக்கட்டும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

பினியன் சீலை நீங்களே மாற்ற ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. ஃபிளாஞ்சைப் பிடித்திருக்கும் நட்டு வெறும் நட்டு அல்ல, பினியன் பேரிங்கின் இறுக்கத்தை அதுதான் தீர்மானிக்கிறது. சில வண்டிகளில் உள்ளே நசுங்கும் வகை ஸ்பேசர் இருக்கும். அதை ஒருமுறை அளவுக்கு மேல் நசுக்கிவிட்டால் திரும்பி வராது, புதிது போட வேண்டும். கழற்றும் முன் நட்டு, ஷாஃப்ட் முனை, ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே கோட்டில் பஞ்ச் அடித்துக் குறி வையுங்கள். எத்தனை சுற்றில் கழன்றது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

ஆயிலை மாற்றுவது

எந்த ஆயில் என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கடையில் "90 ஆயில் கொடுங்க" என்றால் ஒரு டப்பா வரும். 90 என்பது கெட்டித்தன்மை மட்டும். அதோடு ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஜி.எல். எண் என்று இன்னொன்று டப்பாவில் அச்சிட்டிருக்கும், அதைப் படித்தே ஆக வேண்டும். இந்த ஆக்சில்களில் பெரும்பாலானவை ஹைப்பாய்டு வகை. பினியனின் அச்சு, கிரவுனின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் பலமாக உரசிச் சறுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த, அதிக அழுத்தம் தாங்கும் இ.பி. கூட்டுப்பொருள் இருந்தால்தான் உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கும். அதற்கான தரம் ஜி.எல்.-5. எனவே கேட்க வேண்டியது 80டபிள்யூ-90, ஜி.எல்.-5, வண்டியின் கையேடு 85டபிள்யூ-140 என்று சொன்னால் அது.

மீந்த ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கியர்பாக்ஸில் கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரனைசர் வளையங்கள் பித்தளை வகை உலோகத்தில் இருக்கும், ஜி.எல்.-5-இல் இருக்கும் அதே கூட்டுப்பொருள் அதை அரிக்கக்கூடும். கையேடு அனுமதித்தால் ஒழிய அங்கே ஜி.எல்.-4 தான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். குழி இருக்கும் ஷெட் கிடைத்தால் அதைவிடச் சௌகரியம் இல்லை. வீட்டில் என்றால் நான்கு பக்கமும் ஒரே உயரத்துக்கு ஸ்டாண்ட் வையுங்கள். பின்பக்கம் மட்டும் தூக்கினால் ஹவுசிங்கின் மூக்கு தாழ்ந்து ஆயில் முன்னால் ஓடிவிடும். ஊற்றும் துளை பின்முகத்தில் இருக்கும் வண்டியில் இன்னும் நிரம்பவில்லை என்று நினைத்து அளவுக்கு மேல் ஊற்றுவீர்கள். அந்த மிச்சம் ஆக்சில் குழாய் வழியாகப் போய் ஆக்சில் சீலில் முட்டி, கடைசியில் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டி வந்து சூட்டோடு செய்யுங்கள். குளிர்ந்த கியர் ஆயில் தேன் மாதிரி ஒழுகிக்கொண்டே நிற்கும், அடியில் படிந்த தூளும் அதோடு வராது. இரண்டு பிளக்கையும் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் மண்ணை எடுங்கள்.

இனி மிக முக்கியமான விதி: மேலே இருக்கும் ஊற்றும் பிளக்கை முதலில் தளர்த்துங்கள். அது கழன்ற பிறகுதான் அடிப் பிளக்கைத் தொட வேண்டும். பல வருடமாக யாரும் தொடாத வண்டியில் மேல் பிளக் துருவில் கட்டிப் பிடித்திருக்கும். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேலே திறக்க முடியாமல் நின்றால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆயில் இல்லாத ஆக்சிலோடு காரைத் தள்ளிக்கொண்டா போவீர்கள்?

பிளக் அசையவில்லை என்றால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். சுத்தியலால் பிளக்கின் தலையில் நேராக நாலு தட்டு தட்டினால் துரு உடையும். உள்குழி சதுரமாக உள்ள பிளக்குக்கு அதற்கான சதுரச் சாவிதான்; இல்லாவிட்டால் அதே அளவு சதுரக் கம்பியை வெட்டி ஸ்பானரில் பிடிக்கலாம். உளி வைத்து ஓரத்தில் அடிக்கும் பழக்கம் வேண்டாம். ஒருமுறை முனை மழுங்கிவிட்டால் அடுத்து வெல்டிங் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும்.

வடிந்து முடிய கால் மணி நேரம் விடுங்கள். அடிப் பிளக்கின் வாஷரை மாற்றிப் பூட்டுங்கள். கூம்பு மரையுள்ள பிளக் என்றால் வாஷர் இருக்காது, அதை அளவோடு இறுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் ஹவுசிங் மரை போய்விடும். மேல் துளையில் கை பம்ப்பாலோ, புனல் மாட்டிய நீண்ட டியூபாலோ ஊற்றுங்கள். இந்தக் கார்களுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு லிட்டர் பிடிக்கும், கையேட்டில் சரியான அளவு இருக்கும். அளவுகோல் ஒன்றுதான்: துளையின் கீழ் விளிம்பு வரை வந்து, மெல்ல வழியத் தொடங்க வேண்டும். வழிவது நின்றதும் பிளக்கைப் போடுங்கள். மறுநாள் ஓட்டிவிட்டு வந்து, ஆறிய பிறகு மறுபடி திறந்து பாருங்கள். ஆயில் இரு பக்கக் குழாய்களுக்கும் பினியன் பேரிங்குக்கும் பரவியிருப்பதால் கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.

அறிகுறி: வடிந்த ஆயிலில் என்ன இருக்கிறது

வடித்ததை உடனே டப்பாவில் கொட்டாதீர்கள். தட்டில் வைத்து வெயிலில் பாருங்கள், காந்தம் ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள்.

கறுத்திருப்பது வயது, அதற்குப் பயப்பட வேண்டாம். காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை ஒட்டுவதும் இயல்பு. பற்கள் பல ஆண்டுகள் உரசினால் அவ்வளவு தேயத்தான் செய்யும். விரலால் தேய்க்கும்போது உறுத்துகிற துகள், மீன் செதில் போலப் பளபளக்கும் தகடு, ஊசி முனை போன்ற சில்லு வந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. ஒரு பல்லின் துண்டே வந்துவிட்டால் காரை எடுக்காதீர்கள், பின்சக்கரங்களைத் தூக்கி டோ செய்துதான் போக வேண்டும். பழைய மஹிந்திரா ஜீப் வகைகளில் பின்மூடியைக் கழற்றிக் கண்ணாலேயே பற்களைப் பார்த்துவிடலாம். அம்பாசிடரில் பின்னால் அப்படி மூடி இல்லை. இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் உருவிவிட்டு, கிரவுன் பகுதியை மொத்தமாக முன்னால் எடுக்க வேண்டும், அதனால் காந்தம் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

ஆயில் காபி நிறத்தில் நுரைத்து, பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் ஆக்சில் மூழ்க நின்றன. அப்படி நின்றவர்கள் இன்ஜின் ஆயிலை மாற்றுவார்கள், சீட்டைக் காயவைப்பார்கள். பின் ஆக்சிலை யாரும் நினைப்பதில்லை. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சில மாதம் சும்மா விட்டால் பேரிங்கில் துரு, அதன்பின் ஊளைச் சத்தம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் வடித்துவிடுங்கள்.

இந்த நிலையில் ஹவுசிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுவது நம் ஊரில் பழைய வழக்கம். அது வடியும்போது முழுவதும் வடியாது. மூலையில் தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். அதைவிட விலை குறைந்த ஜி.எல்.-5 ஆயிலையே ஊற்றி, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு நல்ல ஆயிலை ஊற்றுவது மேல். இரண்டாவது முறையும் பால் நிறம் தெரிந்தால் மூன்றாவது முறை. கணக்குப் பார்த்தால் அதுவும் ஒரு பேரிங் செட்டை விட மலிவு.

வடித்த ஆயிலைக் கறையானுக்கு மரத்தில் பூசுவதும் சாக்கடையில் கொட்டுவதும் உண்டு. சட்டப்படி இது அபாயகரக் கழிவு. கேனில் பிடித்து, பழைய ஆயிலை மொத்தமாகக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: மாற்றியபின்தான் சத்தம், அல்லது மாற்றியும் போகவில்லை

மாற்றிய மறுநாளே புதிதாக ஊளை வந்தால், முதலில் மட்டம். சாய்வில் நிறுத்தி ஊற்றியிருப்பீர்கள். அடுத்தது டப்பா, ஜி.எல். எண்ணை மறுபடி படியுங்கள். முன்பு யாராவது இன்னும் கெட்டியான 140 ஊற்றி அமுக்கி வைத்திருந்த சத்தம் இப்போது 90-இல் வெளியே வந்திருக்கவும் கூடும். பழைய கார் விற்பவர்களிடம் இந்த வித்தை உண்டு. அந்தக் காலத்தில் மரத்தூள்கூடப் போட்டு ஊளையை அடக்கியதாகக் கேள்விப்பட்டிருக்கலாம். வாங்கும் காரின் ஹவுசிங் ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

சரியான ஆயில், சரியான மட்டம், காந்தத்தில் வெறும் பசை, ஆனாலும் மெல்லிய ஊளை நிற்கவில்லை என்றால் என் கருத்தில் அதை அப்படியே விட்டுவிடலாம். தேய்ந்த பல்லை எந்த ஆயிலும் வளர்க்காது. மாதக்கணக்கில் கூடாமல் அதே அளவில் இருக்கும் ஊளையோடு பல ஆண்டுகள் ஓடும் வண்டிகள் இருக்கின்றன. நாளுக்கு நாள் கூடினாலோ, கரகரப்பு சேர்ந்தாலோ, புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுப் பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தாலோ திறந்துதான் ஆக வேண்டும்.

திறக்கக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். பேரிங் மட்டும் போயிருந்தால், பல் நன்றாக இருக்கும்போதே பேரிங்கை மட்டும் மாற்ற முடியுமா? கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே விடும் இடைவெளியை நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்களா, கையால் ஆட்டிப் பார்ப்பார்களா? கிரவுனும் பினியனும் ஜோடியாக அரைத்துச் சேர்த்தவை, பல செட்டுகளில் இரண்டின் மேலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் முன்பைவிட அதிகமாகக் கத்தும். "பினியனை மட்டும் பழசுல ஒண்ணு பார்த்துப் போட்டுத் தரேன்" என்று சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.